140 ஏக்கர் தரை மாடல், 11 கட்டட லிங்க்: சைட் ஃபைல் நகர மறுக்கிறது

வரைபலகை:

வணக்கம். ஓசூர் பக்கம் 140 ஏக்கர் தொழிற்சாலை வளாகம். கிழக்கு மேற்காக ஏறக்குறைய 900 மீ., தெற்கு வடக்காக 630 மீ. நாங்கள் பயன்படுத்துவது ரெவிட் 2024 (கட்டடங்களை 3டி மாடலாக வரையும் மென்பொருள்). 360 மீ. நீள ஷெட், அலுவலகம், கேன்டீன், ஒரே மாதிரி மூன்று விடுதி பிளாக், பம்ப் ரூம் என்று மொத்தம் 11 கட்டடங்கள். மூன்று விடுதிக்கும் ஒரே ஃபைல், மற்றவை தனித்தனி ஃபைல். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஸ்ட்ரக்சர், எம்இபி (மின்சாரம், ஏசி, குழாய்) லிங்க், அதாவது இணைத்துக் காட்டும் வேறு ஃபைல், இருக்கிறது.

தரைக்கு ட்ரோன் சர்வே. தரை, சாலை வடிவமைக்கும் சிவில் 3டி மென்பொருளில் அரை மீட்டர் இடைவெளியில் சர்ஃபேஸ் (தரைப்பரப்பு) செய்து, அதன் காண்டூரை (சம உயரக் கோடுகளை) டிடபிள்யூஜி டிராயிங் ஆக்கி, ரெவிட்டில் நாலு துண்டு டோப்போசாலிட் (திண்ம மண் மாடல்) போட்டிருக்கிறோம். மொத்தம் 48,000 புள்ளிகள். சைட் ஃபைல் 410 எம்பி. ஒரு செக்‌ஷன் திறக்க 3, 4 நிமிடம் ஆகிறது.

சிக்கல்கள்:

1. இந்த வேகத்தில் வேலை ஓடாது. எவ்வளவு புள்ளி போதும்?

2. ட்ரோன் சர்வே டிராயிங்கும் சாலை கன்சல்டன்ட் கொடுத்த டிராயிங்கும் ஒட்டவில்லை. மேற்கு மூலையைப் பொருத்தினால் கிழக்கு மூலை 20.8 மீ. விலகுகிறது. உயரத்திலும் 80 மீட்டருக்கு மேல் வித்தியாசம்.

3. சைட் ஃபைலை ஜூம் செய்தால் கோடுகள் நடுங்குகின்றன, ஹேட்ச் சிதறுகிறது.

4. மூன்று விடுதிக்கும் ஒரே ஃபைல்தான். அதை மூன்று இடத்தில் எப்படி வைப்பது? ஷேர்டு கோஆர்டினேட்ஸ் (எல்லா ஃபைலுக்கும் பொதுவான இட எண்கள்) எதை எடுக்கும்?

5. லோடிங் டாக்கும் பேஸ்மென்ட்டும் மண்ணுக்குள் புதைந்து தெரிகின்றன. மண் வெட்டப்படவே இல்லை.

6. சிவில் 3டி ஃபைலை மெயிலில் அனுப்பினால் எதிர்த்தரப்பில் சர்ஃபேஸ் வெறுமையாகத் திறக்கிறது.

---

சங்கிலிக்கண்ணி:

2-க்கு மட்டும் சொல்கிறேன். அது தீராமல் மற்ற எதையும் தொடாதீர்கள்.

900 மீட்டருக்கு 20.8 மீ. என்றால் 1.32 டிகிரி திருப்பம். ஓசூர் 77.8° கிழக்கு. யூடிஎம் (உலகை 6° அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் முறை) மண்டலம் 43-ம் 44-ம் பிரியும் கோடு 78°. உங்கள் சைட் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 43-ல் பார்த்தால் கிரிட் வடக்கு உண்மை வடக்கிலிருந்து ஒரு பக்கம் 0.62° சாயும், 44-ல் பார்த்தால் எதிர்ப்பக்கம் 0.70° சாயும். இரண்டையும் கூட்டினால் 1.32. ஆக, ஒருவர் 43-ல் கொடுத்திருக்கிறார், இன்னொருவர் 44-ல் கொடுத்திருக்கிறார்.

சோதிக்க டிராயிங்கில் ஒரு புள்ளியின் ஈஸ்டிங்கை (கிழக்கு நோக்கிய எண்) பாருங்கள். 8,07,000 அருகே என்றால் 43. 1,56,000 அருகே என்றால் 44. நார்திங் (வடக்கு நோக்கிய எண்) இரண்டிலும் 14,10,000 பக்கம்தான் வரும், அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கிருஷ்ணகிரி நகரம் 78°-க்குக் கிழக்கே இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களின் கருவியில் 44 நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். ஓசூருக்கு வரும்போது மாற்ற மறப்பது சகஜம்.

டிராயிங்கைக் கையால் திருப்பி ஒட்டவைக்கும் ஆசை வரும். செய்யாதீர்கள். இரண்டு மண்டலத்துக்கும் ஸ்கேலே வேறு. திருப்பிய பிறகும் கடைசி மூலையில் 27 செ.மீ. இடிக்கும். ட்ரோன் டேட்டாவை இபிஎஸ்ஜி 32643-ல் (மண்டலம் 43-ன் குறியீடு) மறுபடி ஏற்றுமதி செய்து தரச் சொல்லுங்கள், அவர்களுக்கு அது ஒரு மணி நேர வேலை.

உயரம்: ட்ரோன்காரர் கொடுத்திருப்பது எலிப்சாய்டு உயரம் (பூமியை ஒழுங்கான தட்டைக் கோளமாக வைத்து ஜிபிஎஸ் தரும் உயரம்), சாலைக்காரர் கொடுத்திருப்பது கடல்மட்ட உயரம். தென்னிந்தியாவில் எலிப்சாய்டு உயரம் கடல்மட்ட உயரத்தைவிட 80, 90 மீ. குறைவாகவே காட்டும். சென்னைக் கடற்கரையில் ஜிபிஎஸ்ஸை வைத்தால் மைனஸில் வருவது இதனால்தான். கூகுளில் கிடைத்த ஏதோ ஒரு எண்ணைக் கூட்டி ஒப்பேற்றாதீர்கள். அருகிலுள்ள ஜிடிஎஸ் பெஞ்ச்மார்க்கிலிருந்து (சர்வே ஆஃப் இந்தியாவின் நிலையான உயரக் குறி) ஆட்டோ லெவல் ஓட்டி, சைட்டில் நிற்கும் கன்ட்ரோல் தூண் இரண்டுக்கு லெவல் கொண்டுவாருங்கள். அந்தத் தூண்களின் எலிப்சாய்டு உயரத்துக்கும் இந்த லெவலுக்கும் உள்ள வித்தியாசத்தை எல்லாப் புள்ளிக்கும் கொடுங்கள். 900 மீட்டருக்குள் ஒரே மாறிலி போதும். இரண்டு தூணிலும் வித்தியாசம் சில செ.மீ.-க்குள் ஒத்துவருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. மண்டலம் 43-ன் நடுக்கோடு 75°. ஓசூர் அதிலிருந்து 300 கி.மீ.-க்கு மேல் தள்ளி, 900 மீ. உயரத்தை ஒட்டி இருக்கிறது. இரண்டையும் கணக்கில் எடுத்தால், தரையில் 1 கி.மீ. என்பது யூடிஎம் எண்களில் 1,000.64 மீ. ஆக வரும். 360 மீ. ஷெட்டில் இது 23 செ.மீ. ரெவிட்டுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. அங்கே 12 மீ. என்றால் 12 மீ.தான். யூடிஎம் தரையின் மேல் உண்மை அளவுக் கட்டடத்தை வைத்து, யூடிஎம் எண்ணை டோட்டல் ஸ்டேஷனில் (சைட்டில் புள்ளி குறிக்கும் சர்வே கருவி) அப்படியே ஏற்றினால், கடைசித் தூணின் ஆங்கர் போல்ட் எங்கே நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் லோக்கல் கிரிட் போடுங்கள். கன்ட்ரோல் தூண் 1-க்கு ஈஸ்டிங் 2000, நார்திங் 5000 என்று வையுங்கள். மற்ற ஒவ்வொரு புள்ளிக்கும்:

புது ஈஸ்டிங் = 2000 + (யூடிஎம் ஈஸ்டிங் − தூண் 1-ன் யூடிஎம் ஈஸ்டிங்) × 0.99936

நார்திங்குக்கும் இதே, 5000 வைத்து. லெவலைத் தொடக்கூடாது. 0.99936 என்பது நான் தோராயமாகப் போட்டது, உங்கள் தூணின் சரியான இடத்தை வைத்து சர்வேயர் கணக்கிட்டுத் தரட்டும். இரண்டு எண்ணும் வேறு வேறாக இருப்பதால் யாராவது மாற்றிப் போட்டால் உடனே தெரிந்துவிடும். எண் சிறியதாக இருப்பதால் யூடிஎம் என்று யாரும் தவறாக நினைக்கவும் மாட்டார்கள்.

டிடபிள்யூஜி-யில் ஸ்கேல் கமாண்ட் கொடுத்து இதைச் செய்தால் லெவலும் சேர்ந்து சுருங்கும். 890 மீ. லெவலில் அது 57 செ.மீ. வளாகம் முழுக்க அரை மீட்டருக்கு மேல் இறங்கிவிடும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. புள்ளிப் பட்டியலில் கணக்குப் போட்டு, சர்ஃபேஸைப் புதிதாகக் கட்டுங்கள்.

---

காண்டூர்:

6-க்கு ஒரே வரி பதில். சர்ஃபேஸில் 20 லட்சம் புள்ளியைத் தாண்டினால் சிவில் 3டி அதை டிடபிள்யூஜி-க்கு வெளியே .எம்எம்எஸ் என்ற தனி ஃபைலில் வைக்கும். 140 ஏக்கர் = 5,66,600 ச.மீ. அரை மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் 22.6 லட்சம். நீங்கள் அனுப்பியது உறை மட்டும், கடிதம் உங்கள் ஃபோல்டரிலேயே கிடக்கிறது.

இனி 1. அடர்த்தியான சர்ஃபேஸ் சிவில் 3டி-யோடு நின்றுவிட வேண்டும். ரெவிட்டுக்குப் போக வேண்டியது மெலிந்த நகல். ஒரே இடைவெளியில் மெலிக்காதீர்கள். எங்கே தேவையோ அங்கே மட்டும் அடர்த்தி. உங்கள் சைட்டுக்குக் கணக்கு இப்படி வரும்: கட்டடங்களும் சாலைகளும் வரும் பகுதி 22 ஏக்கர் என்று வைத்தால், 4 மீ. இடைவெளியில் 5,560 புள்ளி. மீதி 118 ஏக்கருக்கு 15 மீ. இடைவெளியில் 2,120. சாலை ஓரம், ஓடைக்கரை, வரப்பு, தடுப்புச்சுவர் எல்லாம் சேர்த்து 3 கி.மீ. நீளம், 2 மீட்டருக்கு ஒன்று என்றால் 1,500. மொத்தம் ஏறக்குறைய 9,200. 48,000-க்கு இது ஐந்தில் ஒரு பங்கு, ஆனால் செக்‌ஷனில் கட்டடத்தையொட்டி தரைக்கோடு இப்போது இருப்பதைவிடச் சரியாக இருக்கும்.

சிவில் 3டி-யில் வேலை வரிசை: மூல சர்ஃபேஸைத் தொடாதீர்கள். புது சர்ஃபேஸ் உருவாக்கி, அதில் பேஸ்ட் சர்ஃபேஸ் கொடுத்து மூலத்தைக் கொண்டுவாருங்கள். அதன் மேல் சிம்ப்ளிஃபை சர்ஃபேஸ். அதில் இரண்டு வழிகளில் எது என்று கேட்கும். எட்ஜ் கான்ட்ராக்‌ஷன் பக்கத்துப் புள்ளிகளை ஒன்றாக இழுத்து நடுவில் புதுப் புள்ளி வைக்கும், ஆகவே அளந்த இடம் நகரும். பாயின்ட் ரிமூவல் வேண்டாததை எடுத்துவிட்டு மற்றதை அளந்த இடத்திலேயே விடும். இரண்டாவதையே எடுங்கள். உயர மாற்ற வரம்பை வெளிப்பகுதிக்கு 15 செ.மீ., உள்பகுதிக்கு 3 செ.மீ. என்று பகுதி வாரியாக இரண்டு முறை ஓட்டுங்கள்.

எல்லைக்கோட்டுக்கு அவுட்டர் பவுண்டரி போட்டிருப்பீர்கள். அது மறைக்க மட்டுமே செய்யும், வெளியே உள்ள புள்ளிகள் ஃபைலில் அப்படியே இருக்கும். டேட்டா கிளிப் போட்டால்தான் உள்ளேயே வராது. அதையும் புள்ளி ஃபைலைச் சேர்ப்பதற்கு முன்னால் சேர்க்க வேண்டும். பிறகு சேர்த்தால் ஏற்கெனவே வந்ததைத் தொடாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி: அந்த 22 லட்சமும் தரைதானா? சைட்டில் சீமைக்கருவேலம் இருந்தால் ட்ரோன் படம் புதரின் தலையைத்தான் பார்த்திருக்கும். கிளவுட்கம்பேர் மென்பொருளில் சிஎஸ்எஃப் ஃபில்டர் (கற்பனைத் துணி ஒன்றைப் போர்த்தித் தரையைக் கண்டுபிடிப்பது) ஓட்டிப் பிரிப்பவர்கள் வழக்கமாக அதன் இயல்பு மதிப்பிலேயே விடுகிறார்கள். துணி இடைவெளி 2.0, வரம்பு 0.5. அந்த 0.5 என்பதன் பொருள், தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் வரை நிற்கும் புல்லும் செடியும் தரையாகவே கணக்கில் வரும். 1.0-க்கும் 0.15-க்கும் இறக்கி ஓட்டிப் பாருங்கள். அடர்ந்த புதருக்கு அடியில் எந்த ஃபில்டரும் உதவாது, அங்கே படத்தில் தரையே இல்லை. அந்தத் திட்டுகளை மட்டும் 10 மீ. இடைவெளியில் ஆள் இறங்கி டிஜிபிஎஸ்-ஸில் (துல்லிய ஜிபிஎஸ்) எடுக்க வேண்டும்.

---

ஒர்க்செட்:

3-ம் 4-ம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

ரெவிட்டின் உள் மூலப்புள்ளியிலிருந்து 16 கி.மீ. ஆரத்துக்குள்தான் உருவங்கள் நம்பகமாக இருக்கும். யூடிஎம் எண்ணோடு எங்கேயாவது தரையைக் கொண்டுபோய் வைத்திருந்தால் கோடு நடுங்கும். பெரும்பாலும் நடப்பது இது: டிடபிள்யூஜி-யில் 0,0 பக்கத்தில் யாரோ விட்ட ஒரு துண்டு எழுத்தோ பிளாக்கோ இருக்கும். சைட் 1,400 கி.மீ. தள்ளி இருக்கும். இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுக்க ரெவிட் தடுமாறும். ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்துப் பாருங்கள், சைட் ஒரு புள்ளியாகச் சுருங்கினால் குப்பை இருக்கிறது. அழித்துவிட்டு, பர்ஜ், ஆடிட், ஓவர்கில் என்ற சுத்தப்படுத்தும் கட்டளைகளைக் கொடுங்கள். இன்ஸ்யூனிட்ஸ் (டிராயிங்கின் அளவு அலகு) 6, அதாவது மீட்டர் என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 4 என்றிருந்தால் மி.மீ. என்று எடுத்துக்கொண்டு ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கும்.

இப்போதுள்ள சைட் ஃபைலைச் சீர்செய்ய முயலாதீர்கள். புதிது தொடங்குங்கள். முதலில் ஒரு வெற்று டிடபிள்யூஜி தயார் செய்யுங்கள்: எல்லைக்கோடு, இரண்டு கன்ட்ரோல் தூண், வேறெதுவும் வேண்டாம். தரை கூடாது. சங்கிலிக்கண்ணி சொன்ன லோக்கல் கிரிட்டில் இருக்க வேண்டும். அதைப் புது ரெவிட் ஃபைலில் சென்டர் டு சென்டராக லிங்க் செய்து, தூண் 1 உள் மூலப்புள்ளியில் வருமாறு நகர்த்துங்கள். எலிவேஷன் வியூவில் 890 மீ. கீழே இறக்குங்கள், அப்போது ரெவிட்டின் உள் பூஜ்யம் என்பது 890.000 லெவல். அதன் பிறகு அக்வயர் கோஆர்டினேட்ஸ் (டிராயிங்கின் இட எண்களை ரெவிட் ஏற்றுக்கொள்ளும் கட்டளை). இந்த வரிசை முக்கியம், அக்வயர் செய்த பிறகு நகர்த்தினால் எல்லாம் போச்சு. பின் குத்திவிட்டு (நகராமல் பூட்டிவிட்டு), இரண்டு தூணிலும் ஸ்பாட் கோஆர்டினேட் (புள்ளியின் இட எண்ணைக் காட்டும் குறி) வையுங்கள். மி.மீ. வரை சர்வேயர் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு தூண் மட்டும் ஒத்துப்போனால் திருப்பம் தவறு.

2000, 5000 என்றால் 16 கி.மீ.-க்குள் தானே, அப்படியே உள் மூலத்தோடு வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வைக்கலாம். ஆனால் 5 கி.மீ. தள்ளி வேலை செய்வதால் ஒரு லாபமும் இல்லை.

இதன் பிறகு தரை டிடபிள்யூஜி, சாலை, வடிகால் எல்லாம் பை ஷேர்டு கோஆர்டினேட்ஸில் வந்து தானாக உட்காரும்.

கட்டடங்கள்: ஒவ்வொரு கட்டட ஃபைலும் தன் உள் மூலத்தில், தன் கிரிட் திரைக்கு நேராக, தரைத்தளம் ±0.00 ஆக இருக்கட்டும். சைட் ஃபைலில் லிங்க் செய்து, கிரிட் சந்திப்பு ஒன்றைச் சரியான இடத்தில் வைத்து, திருப்பி, உயரத்தை ஏற்றி, பிறகு பப்ளிஷ் கோஆர்டினேட்ஸ். அது கட்டட ஃபைலுக்குள் எழுதும், ஆகையால் அந்த நேரத்தில் அந்த ஃபைலை யாரும் திறந்து வைத்திருக்கக் கூடாது. விடுதிக்கு மூன்று முறை லிங்க்கை வைத்து, ஒவ்வொன்றுக்கும் பப்ளிஷ் செய்யும்போது தனிப் பெயர் கொடுங்கள்: விடுதி அ, விடுதி ஆ, விடுதி இ. விடுதி ஃபைலுக்குள் லொக்கேஷன் விண்டோவில் சைட் பகுதியைத் திறந்தால் மூன்றும் இருக்கும். எதை மேக் கரன்ட் செய்கிறீர்களோ அதன் எண்ணைத்தான் ஸ்பாட் கோஆர்டினேட் காட்டும்.

லிங்க்கைத் தெரியாமல் நகர்த்திவிட்டு சேமித்தால் மூன்று தேர்வு கேட்கும். சேவ் என்றால் தவறான இடம் கட்டட ஃபைலுக்குள்ளேயே போய்விடும். டூ நாட் சேவ் என்றால் அடுத்த முறை பழைய இடத்துக்கே திரும்பும், உங்களுக்கு வேண்டியது அநேகமாக இதுதான். டிஸேபிள் என்றால் பிணைப்பே அறுந்துவிடும். எல்லா லிங்க்கையும் பின் குத்துங்கள்.

வேகத்துக்கு: சைட் ஃபைலில் ஒரு லிங்க்குக்கு ஒரு ஒர்க்செட் (தனியே திறந்து மூடக்கூடிய தொகுப்பு). லிங்க்கின் இன்ஸ்டன்ஸுக்கும் (வைத்த ஒவ்வொரு பிரதி) டைப்புக்கும் (அதன் மூல ஃபைல்) தனித்தனி ஒர்க்செட் இருக்கிறது, இதைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். டைப் வேறு ஒர்க்செட்டில் கிடந்தால், இன்ஸ்டன்ஸின் ஒர்க்செட்டை மூடினாலும் ஃபைல் நினைவகத்தில் ஏறியே இருக்கும். இரண்டையும் ஒன்றாக்குங்கள். கட்டட ஃபைலுக்குள் ஸ்ட்ரக்சர், எம்இபி லிங்க்குகளை ஓவர்லேயாக மாற்றினால் சைட் ஃபைலுக்கு அவை வராது. அட்டாச்மென்ட்டாக இருந்தால் 11 லிங்க் என்று நீங்கள் நினைப்பது உண்மையில் 33. சைட் ஃபைலைக் கட்டடக் குழுக்கள் லிங்க் செய்யும்போதும் ஓவர்லேதான்.

நேவிஸ்ஒர்க்ஸுக்கு (எல்லா மாடலையும் சேர்த்துப் பார்க்கும் மென்பொருள்) அனுப்பும்போது எல்லாக் குழுவும் ஏற்றுமதி அமைப்பில் கோஆர்டினேட்ஸை ஷேர்டு என்று வைக்க வேண்டும். ஒருவர் ப்ராஜெக்ட் இன்டர்னல் என்று விட்டால் அவர் கட்டடம் மட்டும் பல கி.மீ. தள்ளி நிற்கும்.

---

வரைபலகை:

மிக்க நன்றி. ட்ரோன் டிராயிங்கின் ஈஸ்டிங் 1,56-ல் தொடங்குகிறது, சாலையினுடையது 8,07. மறு ஏற்றுமதிக்குச் சொல்லியாகிவிட்டது. விடுதி ஃபைலில் எம்இபி அட்டாச்மென்ட்டாகத்தான் இருந்தது.

மூன்று சந்தேகம். நாலு துண்டாகப் பிரித்தது வேகத்துக்காக. 9,200 புள்ளி என்றாலும் அந்தப் பிரிவை வைத்துக்கொள்ளலாமா? சாலை ஓரக்கோடு ரெவிட்டுக்கு வந்ததும் பல்பல்லாகிவிடுகிறது, சிவில் 3டி-யில் நேராக இருக்கிறதே? மண் வேலை அளவை ரெவிட்டிலேயே எடுக்கலாமா?

---

வரப்பு:

துண்டு போடாதீர்கள். ஒவ்வொரு டோப்போசாலிட்டும் தன் விளிம்பில் தனியாக முக்கோணம் கட்டும். விளிம்பில் இரண்டின் புள்ளிகளும் ஒன்றாக இல்லாவிட்டால் செக்‌ஷனில் படி விழும், காண்டூர் அறுந்து நிற்கும். 9,200-க்கு ஒரே டோப்போசாலிட் போதும்.

பிரிக்கத்தான் வேண்டுமென்றால் உள்வட்டம், வெளிவட்டம் என்று பிரியுங்கள். அதையும் ஃபைல் மட்டத்தில். 22 ஏக்கர் சைட் ஃபைலில், 118 ஏக்கர் தனி ஃபைலில். கட்டடக் குழுக்கள் முதலாவதை மட்டும் லிங்க் செய்துகொள்வார்கள், வெளிவட்டம் சைட் பிளான் ஷீட்டுக்கும் 3டி படத்துக்கும் மட்டும். இரண்டும் சந்திக்கும் கோட்டைச் சாலை நடுவிலோ வரப்பின் மேலோ வைத்து, அந்தக் கோட்டில் 2 மீட்டருக்கு ஒரு புள்ளி, இரண்டு பக்கமும் அதே எண்.

புதைந்த லோடிங் டாக்: லிங்க்கில் இருக்கும் தளம் ஹோஸ்ட் ஃபைலின் மண்ணை வெட்டாது. வெட்டும் உருவம் சைட் ஃபைலிலேயே இருக்க வேண்டும். காப்பி/மானிட்டரில் அந்தத் தளத்தை மட்டும் சைட் ஃபைலுக்குக் கொண்டுவாருங்கள், கட்டடத்தில் லெவல் மாறினால் எச்சரிக்கை வரும். 2024-ல் அதன் அளவுக்கு மாஸ் (வெறும் கன உருவம்) வரைந்து கட் ஜியாமெட்ரி கொடுக்கலாம். 2025-ல் எக்ஸ்கவேட் வந்துவிட்டது, தளத்தையே காட்டி வெட்டிவிடலாம், கன அளவும் தரும். இதற்காகவே 2025-க்கு மாறுவது என் கணக்கில் தகும், ஆனால் எல்லா ஃபைலும் ஒரே நாளில் மாற வேண்டும். காப்பி செய்த தளத்தைத் தனி ஒர்க்செட்டில் வைத்து எல்லா ஷீட்டிலும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே தளம் இரண்டு முறை அளவில் ஏறும்.

---

காண்டூர்:

பல்பல்லாவது ரெவிட்டின் பிழை இல்லை, குணம். சிவில் 3டி சர்ஃபேஸில் பிரேக்லைன் உண்டு. அதைக் குறுக்கே வெட்டி முக்கோணம் போகாது. டிடபிள்யூஜி-யிலிருந்து ரெவிட் எடுத்துக்கொள்வது புள்ளிகளை மட்டும். முக்கோணத்தைத் தானே புதிதாகக் கட்டும், உங்கள் சாலை ஓரத்தை அது அறியாது. ஓரத்தில் 20 மீட்டருக்கு ஒரு புள்ளியும் பக்கவாட்டில் 4 மீட்டருக்கு ஒரு புள்ளியும் இருந்தால், முக்கோணம் ஓரத்தைத் தாண்டித்தான் பாயும். 2 மீட்டருக்கு ஒன்று என்று நான் சொன்னது இதற்காக. ஓரக்கோட்டின் புள்ளி இடைவெளி சுற்றியுள்ள இடைவெளியில் பாதிக்கு மேல் போகக் கூடாது. டோப்போசாலிட்டில் ஸ்பிளிட் லைன் கையால் போடலாம், ஒரு படிக்கட்டுக்குச் சரி, 3 கி.மீ. சாலைக்கு ஆகாது.

தடுப்புச்சுவரில் மேல்கோடும் கீழ்க்கோடும் ஒரே இடத்தில் இருந்தால் ஒன்றை ரெவிட் விட்டுவிடும். மேல்கோட்டை 5 செ.மீ. பின்னுக்குத் தள்ளுங்கள், சுவர் அதை மறைத்துவிடும். இன்னொன்று, காண்டூர் டிடபிள்யூஜி-யை விட்டுவிட்டு முக்கோணங்களை எக்ஸ்ட்ராக்ட் செய்து அனுப்புங்கள். காண்டூர் அரை மீட்டருக்கு ஒன்று என்றால், இரண்டு கோட்டுக்கு நடுவே உள்ள மேட்டின் உச்சி தட்டையாகிவிடும். ஆட்டோடெஸ்க் டாக்ஸ் (இணையச் சேமிப்பு) வைத்திருந்தால் பப்ளிஷ் சர்ஃபேஸ் கொடுத்து, ரெவிட்டில் லிங்க் டோப்போகிராஃபி என்று எடுக்கலாம், திருத்தம் தானாக வரும். அதற்கும் மெலிந்த சர்ஃபேஸைத்தான் அனுப்ப வேண்டும்.

மண் வேலை அளவு: ரெவிட் எண் பேச்சுக்கு, பில்லுக்கு ஆகாது. மெலித்த தரையில் சராசரி 5 செ.மீ. பிசகு ஒரே பக்கமாக இருந்தாலே 140 ஏக்கரில் 28,330 கன மீட்டர். சைட் பாஷையில் 10,000 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). எந்த ஒப்பந்ததாரரும் அதைச் சும்மா விடமாட்டார். சிவில் 3டி-யில் மூல சர்ஃபேஸ் கீழே, முடிவு லெவல் சர்ஃபேஸ் மேலே என்று டின் வால்யூம் சர்ஃபேஸ் (இரண்டு தரைக்கும் நடுவே உள்ள கன அளவைக் கணக்கிடுவது) போட்டு எடுங்கள்.

பேஸ்மென்ட்டுக்கு இன்னும் ஒரு பொறி. எக்ஸ்கவேட் செங்குத்தாக வெட்டும். 60 × 40 மீ., 4 மீ. ஆழம் என்றால் அது 9,600 கன மீட்டர் காட்டும். சுற்றிலும் 1 மீ. வேலை இடம், மீட்டருக்கு அரை மீட்டர் சரிவு என்று வைத்தால் உண்மையில் எடுப்பது 11,270 பக்கம். வித்தியாசம் ஏறக்குறைய 590 யூனிட். டிப்பரில் போவது உதிர்ந்த மண், லெவலில் வருவது இறுகிய மண். எதை அளந்து பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதோ அதன்படிதான் காரணி போட வேண்டும்.

---

வரைபலகை:

கடைசியாக ஒன்று. மூன்று விடுதிக்கும் தரைத்தள லெவல் வேறு: 891.450, 891.900, 892.600. ஒரே ஃபைலில் இது எப்படி?

---

ஒர்க்செட்:

லிங்க்கின் உயரமும் அந்தப் பெயரோடு சேர்ந்தே பதிவாகும், அதனால் இடத்துக்குச் சிக்கல் இல்லை. விடுதி ஃபைலின் லெவல் டைப்பில் எலிவேஷன் பேஸை ப்ராஜெக்ட் பேஸ் பாயின்ட் என்று வையுங்கள், மூன்றுக்கும் ±0.00 என்றே அச்சாகும். சர்வே பாயின்ட் என்று வைத்தால் கரன்ட் ஆக இருக்கும் விடுதியின் லெவல் மட்டும் எல்லா ஷீட்டிலும் போய், ஆ-வின் டிராயிங்கில் அ-வின் லெவல் நிற்கும். மூன்று லெவலையும் ஒரு சிறு அட்டவணையாக ஷீட்டில் எழுதிவிடுங்கள்.

±0.00-க்குக் கீழே உள்ளதைப் பொது ஃபைலில் வைக்காதீர்கள். தரை வேறு என்பதால் பிளிந்த் சுவர் உயரம், வெளிப் படிக்கட்டின் படி எண்ணிக்கை, ஃபுட்டிங் ஆழம் எல்லாம் விடுதிக்கு விடுதி மாறும். அவற்றை அ, ஆ, இ என்று மூன்று சிறு ஃபைலாகப் பிரித்து, அந்தந்த விடுதியின் இடத்தில் சைட் ஃபைலிலிருந்து தனித்தனியாக பப்ளிஷ் செய்யுங்கள்.